நம் கோடரி உறங்குகிறது. யார் காடு சாய்கிறது?

தோழர்களே! தலைச்சோலையிலே திரண்டிருக்கும் மலைமக்களே! இவ்வுரையை ஞாயிறு ஏட்டிலே படிக்கப்போகும் உடன்பிறப்புகளே!

ஊரின் பெயரைப் பாருங்கள்: தலைச்சோலை. கீழே ஏரியும் காடும் கூடி ஏற்காடு. மேலே சோலை தலையெடுத்து நின்று தலைச்சோலை. சோலை என்ற நம் சொல்லுக்கு ஈடான சொல் கிட்டாமல், அதையே எடுத்துத் தன் காட்டியல் நூல்களிலே 'ஷோலா' என்று எழுதி வைத்தான் ஆங்கிலேயன். மலை நம்முடையது, மரம் நம்முடையது, மரத்துக்குப் பேரும் நம்முடையது. உரிமை மட்டும் யாருடையது? அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

மலைக்கு வந்து மரக்கணக்குப் பேசுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அடுப்புக்கு விறகு வாங்குகிறவள் கணக்குப் பார்க்கிறாள். வீட்டுக்கு வாசற்கால் வாங்குகிறவன் கணக்குப் பார்க்கிறான். நாடு மரம் வாங்கினால் நாம் கணக்குப் பார்க்கக் கூடாதா? அதிலும் இரண்டு நாடுகளின் கணக்கை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு நாட்டுக் கணக்கு சொல்லாத உண்மையை இரண்டும் சேர்ந்து சொல்லிவிடும். ஒன்று சீனம், மற்றொன்று நம் இந்தியத் துணைக்கண்டம்.

முதலிலே சீனத்தைப் பார்ப்போம்.

1998ஆம் ஆண்டு. யாங்சி ஆறு பொங்கிற்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஊர்கள் மூழ்கின; வயல்கள் மூழ்கின. வெள்ளம் வடிந்த பிறகு, இத்தனை தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டார்கள். மழை பெய்தது, உண்மை. ஆனால் அந்த மழையைப் பிடித்து நிறுத்தி, மண்ணிலே இறக்கி, மெல்ல மெல்ல ஆற்றுக்கு அனுப்பியிருக்க வேண்டிய மலைக்காடுகள் ஆற்றின் தலைப்பகுதியிலே பல பத்தாண்டுகளாக வெட்டப்பட்டிருந்தன. தலையிலே மரம் போயிற்று. காலிலே ஊர் போயிற்று. அந்த ஆண்டே யாங்சி ஆற்றின் மேற்பகுதியிலும் மஞ்சள் ஆற்றுப் பகுதியிலும் இயற்கைக் காடுகளை வெட்டுவதற்குத் தடை வந்தது. 2017ஆம் ஆண்டுக்குள் அந்தத் தடை நாடு முழுவதற்குமாயிற்று.

நல்ல காரியம். ஆனால் கட்டில் வேண்டும், கதவு வேண்டும், காகிதம் வேண்டும். மரம் எங்கிருந்து வரும்? 1999ஆம் ஆண்டிலே வெட்டுமரத்துக்கும் அறுத்த பலகைக்கும் இறக்குமதி வரியை அடியோடு எடுத்துவிட்டார்கள். கப்பல்கள் வந்தன. 1998ஆம் ஆண்டிலே சீனம் வாங்கிய வெட்டுமரம் ஏறத்தாழ 50 இலட்சம் கனமீட்டர். 2021ஆம் ஆண்டிலே அது 6 கோடி கனமீட்டரைத் தாண்டிற்று. இருபத்து மூன்று ஆண்டிலே பன்னிரண்டு மடங்குக்கு மேல்! உருசியாவின் வடகாடு, நியூசிலாந்தின் பைன் தோட்டம், பாப்புவா நியூகினியின் மழைக்காடு, சாலமன் தீவுகளின் கடலோரக் காடு, எல்லாம் சீனத் துறைமுகங்களிலே வந்து இறங்கின. பிறகு 2022ஆம் ஆண்டு தொடக்கத்திலே உருசியா ஊசியிலை மரத்தடிகளின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சீனத்தின் வீட்டுமனைத் தொழிலும் தளர்ந்தது. 2023ஆம் ஆண்டிலே கணக்கு 4 கோடிக்குக் கீழே இறங்கிற்று. இறங்கியும்கூட அது 1998ஆம் ஆண்டைப்போல் ஏழு மடங்கு!

வாங்கிய மரத்தை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தடியாக வாங்கினார்கள், நாற்காலியாக விற்றார்கள். ஒட்டுப்பலகையாக விற்றார்கள், மேசையாக விற்றார்கள், உலகிலேயே பெரிய மரச்சாமான் ஏற்றுமதி நாடாக உயர்ந்தார்கள். இது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். ஆனால் சாலமன் தீவுக்காரன் என்ன பெற்றான்? மொட்டைக் குன்றும் கலங்கிய ஓடையும் பெற்றான். யாங்சிக்கரையிலே நின்ற கோடரி தூங்கவில்லை தோழர்களே, கடல் தாண்டிக் குடியேறியது!

இனி நம் கணக்கு.

1996ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள். உச்சநீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு என்று அதற்குப் பெயர். அந்த வழக்கு எங்கே பிறந்தது தெரியுமா? இமயத்திலே அல்ல, நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளைப் பற்றிய முறையீட்டிலே பிறந்தது. காடு என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள்தான் பொருள், யார் உடைமையாக இருந்தாலும் காடு காடுதான் என்றது நீதிமன்றம். நாடெங்கும் கோடரிக்குக் கடிவாளம் விழுந்தது. தமிழ்நாட்டைப் பற்றித் தனியாகவே எழுதினார்கள்: காட்டுப் பகுதிகளில் மரம் வெட்ட முழுத் தடை. ஆனால் அதே ஆணையிலே ஒரு விலக்கும் உண்டு. முன்பு காடாக இல்லாத நிலத்திலே, தானாக முளைக்காமல், மனிதன் நட்டு வளர்த்த மரத்துக்கு அத்தடை பொருந்தாது. இந்த வரியை மறவாதீர்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

அதற்கு எட்டாண்டு முன்னதாகவே, 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகளுக்குச் சலுகை விலையில் காட்டு மரம் கொடுப்பதை நிறுத்தவேண்டும் என்று சொல்லியிருந்தது. காடு மக்களுக்கும் மண்ணுக்கும் மழைக்கும் உரியது, ஆலை முதலாளியின் கிடங்கு அல்ல என்பது அதன் கருத்து. வரவேற்கிறோம். ஆனால் இங்கும் கட்டில் வேண்டும், கதவு வேண்டும், காகிதம் வேண்டும். ஆகவே நம் துறைமுகங்களிலும் மரம் வந்து இறங்கிற்று. குசராத்திலே காண்ட்லா, நம் நாட்டிலே தூத்துக்குடி. பர்மாத் தேக்கு, மலேசியாவின் சரவாக் மரம், நியூசிலாந்தின் பைன், ஆப்பிரிக்கக் கானாவின் தேக்கு, தென்னமெரிக்க ஈக்குவடாரின் தேக்கு! ஆண்டுதோறும் பல பத்து இலட்சம் கனமீட்டர். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலே, இனித் தடியாக மரம் விற்கமாட்டோம் என்று பர்மா கதவைச் சாத்தியது. நாம் அடுத்த நாட்டின் கதவைத் தட்டினோம்.

பர்மாத் தேக்கு நமக்குப் புதிதல்ல. செட்டிநாட்டு வீடுகளின் தூணையும் கதவையும் கேளுங்கள், இரங்கூன் கதை சொல்லும். நூறாண்டுக்கு முன் அது செல்வர் வீட்டுச் செய்தி. இன்று சிற்றூர் வீட்டு நிலைக்கதவுக்கும் கப்பல் வரவேண்டியிருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

இரண்டு கணக்கையும் அருகருகே வையுங்கள். ஒருவனுக்கு வெள்ளம் புத்தி சொன்னது. மற்றவனுக்கு நீதிமன்றம் புத்தி சொன்னது. இருவரும் தம் காட்டைப் பூட்டினார்கள். இருவரும் பிறன் காட்டின் கதவைத் திறந்தார்கள். அதுவரை ஒற்றுமை. வேற்றுமை எங்கே? அவன் தடியை வாங்கி நாற்காலியாக்கி உலகுக்கு விற்கிறான்; நாமோ வாங்கிய தடியைப் பெரும்பாலும் நாமே செலவழிக்கிறோம். அவன் மரத்தை வாங்கி வேலையைப் பெருக்கினான். நாம் மரத்தை வாங்கிக் கடன்கணக்கைப் பெருக்கினோம்.

காகிதத்திலும் இதே கதைதான். உலகத்தார் எறிந்த பழைய காகிதத்தையெல்லாம் வாங்கி அரைத்துப் புதுக் காகிதம் செய்துவந்தது சீனம். குப்பையும் கூடவே வருகிறதென்று 2018ஆம் ஆண்டிலே கதவைச் சாத்தத் தொடங்கி, 2021ஆம் ஆண்டிலே முழுதும் சாத்திவிட்டது. அந்தப் பழைய காகிதக் கட்டுகளிலே ஒரு பகுதி எந்தப் பக்கம் திரும்பிற்று? நம் பக்கம்! அவன் வாசலிலே வேண்டாமென்றது நம் வாசலிலே வந்து இறங்கிற்று.

அப்படியானால் சீனத்தைப் பின்பற்றுவோம் என்கிறாயா என்று ஒரு தோழர் கேட்கலாம். இல்லை. பிறன் காட்டைச் சாய்த்துத் தன் வீட்டுக்குக் கதவு செய்வது அறமாகாது. சப்பானைப் பாருங்கள். அந்நாட்டின் நிலத்திலே மூன்றில் இரண்டு பங்கு காடு. 1960ஆம் ஆண்டிலே தன் மரத்தேவையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைத் தானே நிறைவு செய்துகொண்டது. 1964ஆம் ஆண்டிலே இறக்குமதியை முழுதும் திறந்துவிட்டது. மலிவான மரம் பிலிப்பைன்சிலிருந்து வந்தது, போர்னியோவிலிருந்து வந்தது. 2002ஆம் ஆண்டிலே சொந்த மரத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போயிற்று. தன் மலையிலே நட்ட மரம் விலைபோகாமல் நின்றது; பிறர் மலையிலே நிற்கவேண்டிய மரம் சாய்ந்தது. பிறகுதான் விழித்து, அண்மையிலே பத்தில் நாலு பங்கு வரை மீட்டிருக்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, நாம் கேட்கவேண்டியது எவ்வளவு மரம் வாங்குகிறோம் என்பது மட்டுமல்ல. நம் மண்ணிலே மரம் வளர்க்கிறவன் கை ஏன் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

நாடகக்காரனை மேடையேற்றினால் நாடகம் வராமல் போகுமா? ஒரு சிறு காட்சி.

இடம்: சேலத்திலே ஒரு மரம் அறுக்கும் மில்லின் முற்றம். இரண்டு மரத்தடிகள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று நியூசிலாந்துப் பைன், மற்றொன்று தலைச்சோலைச் சில்வர் ஓக்.

பைன்: ஐயா, தாங்கள் எவ்விடம்?

ஓக்: சேர்வராயன் மலை. பூர்வீகம் ஆஸ்திரேலியா. காப்பிச் செடிக்கு நிழல் தரக் கொண்டுவந்தார்கள், மிளகுக்கொடிக்கும் கொழுகொம்பானேன். இன்று நானும் மலைக்காரன்தான். நீ?

பைன்: நியூசிலாந்து. பூர்வீகம் கலிபோர்னியா. முப்பதாண்டுக்கு முன்னே வெட்டுவதற்கென்றே நட்டார்கள். வெட்டினார்கள், அந்த இடத்திலே என் தம்பியை நட்டார்கள், என்னைக் கப்பலேற்றினார்கள்.

ஓக்: எத்தனை மாதப் பயணம்?

பைன்: மாதக் கணக்கெல்லாம் ஏது? சில வாரம்தான். தாங்கள்?

ஓக்: தூரம் இருபது மைல். ஆனால் நான் கிளம்பு முன் ஒரு மனு, ஒரு அலுவலகம், ஒரு முத்திரை; அந்த முத்திரையைச் சரிபார்க்க இன்னோர் அலுவலகம், இன்னொரு முத்திரை.

பைன்: அப்படியானால் கடலைத் தாண்டுவது எளிது, மலையை இறங்குவதுதான் கடினம் என்று சொல்லுங்கள்!

சிரித்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் மரம் வளர்த்த ஏழைக்கு இது சிரிப்பல்ல. 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும் நல்ல நோக்கத்தோடு வந்தவை. மலையைப் பெருமுதலாளி மொட்டையடிக்காமல் தடுக்க வந்தவை. தடுக்கட்டும்! நூறு ஏக்கர் தோட்டக்காரனுக்கு அலுவலகம் ஏறி இறங்க ஆள் உண்டு, கார் உண்டு. அரை ஏக்கரிலே காப்பியும் மிளகும் பலாவும் வைத்திருக்கும் மலைவாழ் உழவனுக்கு யார் உண்டு? மகள் திருமணத்துக்கு நாலு மரம் விற்க நினைப்பவன் இடைத்தரகனிடம் கால் விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். அந்தத் தரகனுக்கு மட்டும் எல்லா முத்திரையும் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

சந்தனத்தின் கதை இதைவிடக் கொடுமை. சேலமும் சவ்வாது மலையும் சந்தனத்துக்குப் பேர்போனவை. உன் நிலத்திலே முளைத்தாலும் சந்தனம் உன்னுடையதல்ல, அரசினுடையது என்று நெடுங்காலம் சட்டம் இருந்தது. விளைவு என்ன? சந்தனக் கன்று முளைத்தால் உழவன் மகிழவில்லை, நடுங்கினான். வழக்கு வருமே, விசாரணை வருமே என்று வேரோடு பிடுங்கினவர்களும் உண்டு. கள்ளன் வெட்டினான், காவலன் தேடினான், வளர்ப்பவன் மட்டும் இல்லாமற்போனான். 1950களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 டன் சந்தனம் தந்த நாடு, சில நூறு டன்னுக்கு இறங்கிற்று. 2002ஆம் ஆண்டிலேதான் தமிழ்நாட்டிலே சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்காரனுக்கு மரத்தின்மேல் உடைமை தந்தார்கள். அதற்குள்ளே மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்டு ஆற்றுப் பாசனத்திலே நம் சந்தனத்தைத் தோட்டம் தோட்டமாக நட்டுவிட்டார்கள்! அவர்கள் நாட்டுச் சில்வர் ஓக் நம் மலையிலே நிழல் தருகிறது. நம் நாட்டுச் சந்தனம் அவர்கள் நிலத்திலே பணம் தருகிறது.

இப்போது உங்கள் கையிலே இருக்கும் இந்த ஏட்டைப் பாருங்கள், படிக்கும் தோழரே! இதுவும் ஒரு காட்டுப் பொருள்தான். அச்சுத்தாளின் தேவையிலே பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த நாடு இது. 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே அச்சுத்தாளுக்கு நூற்றுக்குப் பத்து வரி போட்டார்கள். மறு ஆண்டு ஐந்தாகக் குறைத்தார்கள். கடலுக்கு அப்பால் ஈழத்தமிழர் வாழும் இலங்கையிலே 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் என்ன நடந்தது? காகிதம் வாங்க அன்னியச் செலாவணி இல்லை. பேர்பெற்ற நாளேடுகள் அச்சை நிறுத்தின. மேல் மாகாணத்திலே பள்ளித் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. தாளில்லாமல் ஏடு நின்றால் கருத்து நிற்கும். தாளில்லாமல் தேர்வு நின்றால் பிள்ளையின் வாழ்வு நிற்கும். மரக்கணக்கு மந்திரிகளின் கணக்கல்ல, மக்களின் கணக்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. கரூர் மாவட்டத்திலே காகிதபுரம் என்று ஊருக்கே பெயர். எதிலிருந்து காகிதம்? சருக்கரை ஆலை பிழிந்து எறிந்த கரும்புச் சக்கையிலிருந்து! காட்டை வெட்டாமல், கப்பலுக்குக் காத்திராமல், கழிவைக் காகிதமாக்க முடியும் என்று காட்டியது தமிழகம். அந்த அறிவை மரத்திலும் காட்டமுடியும். இன்று இந்திய நாட்டிலே தொழிலுக்குக் கிடைக்கும் மரத்திலே மிகப் பெரும்பகுதி காட்டிலிருந்து வருவதல்ல, வயல் வரப்பிலும் தோட்டத்திலும் உழவன் வளர்த்த மரத்திலிருந்து வருவது. காடுகளுக்கு வெளியே நிற்கும் மரங்கள் ஆண்டுக்கு 9 கோடி கனமீட்டருக்கு மேல் தரவல்லவை என்று 2023ஆம் ஆண்டுக்கான இந்திய வனநிலை அறிக்கை மதிப்பிடுகிறது. சீனம் உச்சத்திலே வாங்கிய 6 கோடியைவிட இது பெரிது! களஞ்சியம் நம் வீட்டிலேயே இருக்கிறது. சாவியைத்தான் உழவனிடம் கொடுக்கவில்லை.

சாவி யாரிடம் இருக்கிறது? 1976ஆம் ஆண்டுவரை காடு மாநிலப் பட்டியலிலே இருந்தது. நெருக்கடிக் காலத்திலே, வாய்கள் பூட்டப்பட்டிருந்த நேரத்திலே, 42ஆவது திருத்தம் வந்தது. கல்வியை மாநிலத்தின் கையிலிருந்து பொதுப்பட்டியலுக்கு எடுத்துக்கொண்டுபோன அதே திருத்தம்தான் காட்டையும் எடுத்துக்கொண்டு போயிற்று. பள்ளிக்கூடம் போனதை நாம் மறக்கவில்லை. காடு போனதைப் பலரும் மறந்துவிட்டோம். 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு நிலம் கண்டபடி கைமாறுவதை அது குறைத்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் 2023ஆம் ஆண்டிலே அதைத் திருத்தினார்களே, என்ன செய்தார்கள்? பாதுகாப்பின் எல்லையைச் சுருக்கினார்கள். பெயரை மட்டும் நீட்டினார்கள்! 'வன் சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதிநியம்' என்று இன்று அதற்குப் பெயர். தலைச்சோலை மூதாட்டியிடம் போய் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். தன் வாசற்படி மரத்தைக் காக்கும் சட்டமென்று அவளுக்குப் புரியுமா? 2024ஆம் ஆண்டு பிப்ரவரியிலே உச்சநீதிமன்றம் குறுக்கிட்டு, காட்டுக்கு அகராதிப் பொருளே தொடரட்டும் என்று இடைக்கால ஆணை தந்தது. அதனால் தப்பியது காடு. பெயர் தப்பவில்லை.

இந்த மலையிலே காலங்காலமாக வாழும் மக்களை மலையாளி என்கிறோம். மலையை ஆள்கிறவர் என்று பொருள் சொல்லக்கூடிய பெயர்! 1820களிலே சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து நடுவதற்கு முன்னரே சேர்வராயனைக் கும்பிட்டு வாழ்ந்தவர்கள் இவர்கள். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இவர்களைப் போன்றவர்களைத் தங்கள் காட்டிலேயே அனுமதி கேட்பவர்களாக்கியது. 2006ஆம் ஆண்டிலே வன உரிமைச் சட்டம் வந்தது. சிறு வனப் பொருள்கள் மீது உரிமை, உழுத நிலத்துக்குப் பட்டா, ஊர்ச்சபைக்கு அதிகாரம். ஆனால் தமிழ்நாட்டிலே நீதிமன்றத் தடை குறுக்கே நின்றதால், 2016ஆம் ஆண்டுவரை பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. தடை விலகிவிட்டது, தயக்கமும் விலகவேண்டும்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: தானாக வளர்ந்த சோலையிலே ஒரு கிளையும் சாயக் கூடாது, நட்டு வளர்த்த மரத்தை நட்டவன் வெட்ட ஒரே மனு, ஒரே அலுவலகம், குறித்த நாளுக்குள் விடை. 1996ஆம் ஆண்டு ஆணையிலே மறவாதீர்கள் என்று சொன்னேனே, அந்த விலக்கு எளியவன் கைக்கும் எட்டவேண்டும்.

இரண்டு: வன உரிமைச் சட்டப்படி மலைமக்களுக்கு உரிய பட்டாவும், ஊர்ச்சபைக்கு உரிய அதிகாரமும் குறைவின்றி வழங்கப்படவேண்டும். காட்டைக் காக்க நூறு காவலரைவிட, தன் காடு என்று நினைக்கும் ஓர் ஊர் வலிமையுடையது.

மூன்று: கல்வியோடு கைவிட்டுப் போன காடு, கல்வியோடு மாநிலப் பட்டியலுக்குத் திரும்பவேண்டும். தலைச்சோலையின் மழை எவ்வளவு என்று டில்லிக்குத் தெரியாது, சேலத்துக்குத் தெரியும்.

கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கொடியேற்றுவதோடு வீடு திரும்பாதீர்கள். ஊர்ச்சபை கூடும் நாளிலே போய் உட்காருங்கள். பட்டா மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். மரம் விற்கப்போகும் உழவனோடு அலுவலகம் வரை நடந்து போங்கள். அவன் தரகன் வீட்டுக்குத் திரும்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு நாட்டுக் கணக்கையும் சொல்லிக் கொடுங்கள். நம் தேவைக்கு நம் மண்ணிலே மரம் வளர்ப்பது நமக்கு இலாபம் என்பதோடு நில்லாமல், எங்கோ சாலமன் தீவிலே நம்மைப்போலவே மலையை நம்பி வாழும் ஒருவனுடைய காட்டை விட்டுவைப்பதும் ஆகும் என்று சொல்லுங்கள்.

சேர்வராயன் மலையிலே மழை பெய்தால் சேலத்துக் கிணறுகள் ஊறுகின்றன. அந்த மழையைப் பிடித்துவைப்பது சோலை. சோலையைக் காப்பது இங்கே வாழ்பவன். அவனுக்கு உரிமை கிடைக்கும் நாள்வரை நமக்கு ஓய்வில்லை. நாளை காலையிலேயே வேலையைத் தொடங்குங்கள், தோழர்களே!